கவர் பிரிக்காத கம்ப்யூட்டர்

வடக்குப்பொட்டலில் புதுச் சாமான் எதையும் கவரோடு வாங்கிக் கவரோடுதான் வைத்திருப்பார்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் நாலு ஓரமும் சுருண்டு, நடுவில் மஞ்சளாகி, இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கோடையில் சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத்தோலில் கொஞ்சம் சோபாவிடமே தங்கிவிடும். ரிமோட்டைக் கவரோடு அமுக்கி அமுக்கி, எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல் ஒரே சேனலைப் பார்த்து வருகிற குடும்பங்கள் அங்கே உண்டு. கேட்டால், "இன்னும் புதுசாவே இருக்கு பாத்தீங்களா?" என்பார்கள். யாருக்காகப் புதுசாக வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

அந்த ஊரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஆவுடையப்பன் அண்ணாச்சி, விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் செய்தார். வாங்கவில்லை, செய்தார். வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

காரணம் அவருடைய சகலை கொம்பையா. இவர் மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மனிதருக்குப் பக்கத்து ஊரான தெற்குப்பொட்டலில் செருப்புக்கடை. முன்பல்லில் தங்கம் கட்டியிருப்பார். அந்தப் பல் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எந்நேரமும் சிரித்த முகமாகவே இருப்பார். இரண்டு ஊரிலும் கோட்டை பிடிக்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு பரவியபோது, ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் சகலைகள் இருவரும் பந்தயம் போட்டுக்கொண்டார்கள். ஆடி மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் போட்டி. தோற்றவர், ஜெயித்தவர் படம் போட்ட ஃப்ளெக்ஸைத் தன் கடை வாசலில் ஒரு வருஷம் தொங்கவிட வேண்டும்.

பாயசம் குடித்த தைரியத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார் அண்ணாச்சி. வீட்டுக்கு வந்த பிறகுதான் விபரீதம் உறைத்தது. "அந்தப் பல்லப் பாத்துக்கிட்டே நான் ஒரு வருசம் குடம் விக்கணுமாலே?" என்று தன் அணியினரிடம் கண் கலங்கக் கேட்டார்.

அணி என்பது அண்ணாச்சியையும் சேர்த்து மூன்று பேர். சைக்கிள் கடை சேர்மக்கனிக்கு எதையும் கழற்றத் தெரியும். இசக்கிப்பாண்டி கம்ப்யூட்டர் படித்தவன். சான்றிதழை லேமினேட் செய்து மாட்டியிருக்கிறான், படித்தது எல்லாம் அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. ஆட்டத்தில் சேர்மக்கனி மவுஸைப் பிடிப்பான், இசக்கிப்பாண்டி கீபோர்டைத் தட்டுவான், அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து "சுடுலே, சுடுலே" என்பார். வேலையை இவ்வளவு நியாயமாகப் பங்கு போட்ட அணி எந்த ஊரிலும் கிடையாது.

பாகங்கள் பார்சலில் வந்தன. ஒவ்வொன்றையும் கவரோடே மாட்டினார்கள். முடியாத இடத்தில் மட்டும், திருகு போகிற அளவுக்குக் கவரில் ஓட்டை போட்டுக்கொண்டார்கள். கடைசியில் வந்தது கூலர். கம்ப்யூட்டரின் மூளைமேல் பேஸ்ட் தடவி உட்காரவைத்தால் சூட்டை உறிஞ்சிக்கொள்கிற விசிறி அது. அதன் அடியில் பளபளவென்று செம்புத் தகடு. தகட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"மாட்டுறதுக்கு முன்னால இதக் கிழிக்கணுமாம் அண்ணாச்சி. இங்கிலீஷ்ல போட்ருக்கு," என்றான் இசக்கிப்பாண்டி.

"யாரு போட்டது?"

"கம்பெனிக்காரன்."

"அவன் போடத்தான் செய்வான். கிழிச்சா அழுக்காவும். அழுக்கானா தேயும். தேஞ்சா நாம திரும்ப யாருகிட்ட போய் நிப்போம்?"

"அவன்கிட்டதான்."

"இப்பம் புரியுதா?"

சேர்மக்கனி நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். "அண்ணாச்சி இல்லன்னா நம்மள வித்துத் தின்னுருப்பான்!"

தாளோடே மாட்டினார்கள்.

கம்ப்யூட்டர் ஓடியது. வீரன் ஒருவன் துப்பாக்கியோடு கோட்டைக்குள் ஓடினான். கொஞ்சத் தூரம் போய், ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். கீபோர்டைத் தட்டினார்கள், மவுஸைக் குலுக்கினார்கள். காலை இறக்கவில்லை.

"ஏன் நிக்கான்?" என்றார் அண்ணாச்சி.

"முள்ளு குத்திருக்கும்," என்றான் சேர்மக்கனி.

கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்து பார்த்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து தோசைக்கல் காய்கிற வாடை வந்தது.

அண்ணாச்சி சென்னைக்குப் போன் போட்டார். அவருடைய மனைவியின் தம்பி வேலாயுதம் அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன்.

"சூடாகுது போல அத்தான். டெம்பரேச்சர் எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க," என்றான்.

சேர்மக்கனி மெடிக்கல் கடைக்கு ஓடிப்போய்க் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் வாங்கிவந்து, பெட்டியின் இடுக்கில் செருகினான். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பாதரசம் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, மேலே இடமில்லாமல் நின்றது.

"புள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போடுற காய்ச்சலு," என்றார் அண்ணாச்சி. ஈரத்துணியை நாலாக மடித்துப் பெட்டியின் நெற்றியில் போட்டார்கள். நெற்றி எது என்பதில் சிறு கருத்து வேறுபாடு இருந்ததால் நாலு பக்கமும் போட்டார்கள். வீட்டில் ஃபியூஸ் போனது.

"துணியா போட்டீங்க?" என்று வேலாயுதம் போனில் பதறினான். "நல்லா காத்து வார எடத்துல வைங்க அத்தான், போதும்."

ஆடி மாதத்தில் காற்று வருகிற இடத்துக்கா பஞ்சம்? மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், பறந்துவிடாமல் தண்ணீர்த் தொட்டியோடு கயிற்றால் கட்டினார்கள். காற்று நன்றாகவே வந்தது. கூடவே தெருப்புழுதி, வேப்பஞ்சருகு, எதிர்வீட்டில் காயப்போட்ட வத்தல் எல்லாம் வந்து பெட்டிக்குள் குடியேறின. வீரன் இம்முறை காலைத் தூக்குகிற அளவுக்குக்கூட வரவில்லை.

"உள்ள தூசி அடைஞ்சிருக்கும். நல்லா ஊதி எடுங்க," என்றான் வேலாயுதம்.

யார் ஊதுவது என்று கூடிப் பேசினார்கள்.

"ஊதுறதுன்னா சும்மாவா? அதுக்குன்னு தொழில் படிச்சவங்க இருக்காங்க," என்றான் இசக்கிப்பாண்டி.

அது சரியாகப் பட்டதால், கோயில் நாதஸ்வரக்காரர் சங்கரலிங்கத்தைத் தாம்பூலம் வைத்து அழைத்துவந்தார்கள். அவர் தாம்பூலத்தை அங்கேயே போட்டு மென்று, பெட்டியைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னம் இரண்டும் பந்தாக உப்ப ஒரே மூச்சில் ஊதினார். தூசி போனது. உள்ளே இருந்த பச்சைப் பலகை முழுக்கச் சிவப்பாக வெற்றிலைச் சாறு பூத்தது.

"எச்சில் பட்டாலும் வித்வான் எச்சில்," என்று அண்ணாச்சி மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் போட்டிக்கு முந்திய நாள் ஆகிவிட்டது. கொம்பையா போன் செய்து, ஃப்ளெக்ஸுக்குக் கடை வாசலில் அளவு எடுக்க ஆள் அனுப்பட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். போனிலேயே பல் தெரிந்தது.

"கூலரக் கழட்டி, பழைய பேஸ்ட்டத் தொடச்சிட்டு, புது பேஸ்ட் வைங்க," என்றான் வேலாயுதம், அலுத்துப்போய். "பட்டாணி அளவு வச்சாப் போதும்."

பேஸ்ட்டை வாங்கிவிட்டார்கள். பட்டாணியில்தான் சிக்கிக்கொண்டார்கள்.

"காஞ்ச பட்டாணியா, ஊறின பட்டாணியா?" என்றான் இசக்கிப்பாண்டி. "ஊறினது ரெட்டிப்பு இருக்கும்."

"வறுத்த பட்டாணின்னும் ஒண்ணு இருக்கு," என்றான் சேர்மக்கனி.

அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். "அவன் சென்னையில இருக்கான். அங்க பட்டாணின்னா கடற்கரை சுண்டல்தான். வேகவச்சே கொண்டாங்க."

பட்டாணி வெந்து வந்தது. அதைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்துப் பேஸ்ட்டை ஒரு தட்டில் பிதுக்கி வைத்தார்கள். மிச்சப் பட்டாணியைத் தின்றார்கள். கூலரைக் கழற்றியபோது அடியில் அந்தப் பிளாஸ்டிக் தாள் பேஸ்ட் அப்பிக் கிடந்தது. இசக்கிப்பாண்டி அதைப் பக்குவமாகத் துடைத்தான்.

"பாத்தீங்களா, ஒரு கீறல் இல்ல. அப்படியே புதுசு," என்று எல்லோருக்கும் காட்டினான். மூவரும் பெருமையாகப் பார்த்தார்கள். திரும்பவும் தாளோடே மாட்டப் போனார்கள்.

நல்லவேளையாக வேலாயுதத்துக்குச் சந்தேகம் வந்து வீடியோவில் கூப்பிட்டான். "அத்தான், அது என்ன அடியில பளபளன்னு?"

"கவரு."

சென்னையில் வேலாயுதம் தலை தலையாக அடித்துக்கொண்டான். படம் ஆடுகிறதே என்று சேர்மக்கனி போனைத் தட்டினான்.

"அத்தான்," என்றான் வேலாயுதம், அழுகையை அடக்குகிற குரலில், "அந்தத் தாளக் கிழிங்க. அத மட்டும் கிழிங்க. வேற எதையும் தொட்றாதீங்க."

புதுச் சாமானின் கவரைக் கிழிப்பது ஊர் வரலாற்றிலேயே முதல் தடவை. யார் கை வைப்பது? இசக்கிப்பாண்டி தன் மனைவி முழுகாமல் இருக்கிறாள், இந்தப் பாவம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு நாக்கைப் பிடித்து இழுத்தார். தாள் வந்தது. தாளை மடித்து சாமிபடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, கூலரை மாட்டி, சுவிட்சைப் போட்டார்கள்.

அடடா, என்ன ஓட்டம்! வீரன் நிற்கவே இல்லை. பெட்டி குளத்துத் தண்ணீர் போலக் குளுகுளுவென்று இருந்தது. சேர்மக்கனி கன்னத்தை அதில் வைத்துக்கொண்டு அழுதான். அண்ணாச்சியும் அழுதார். பல் இல்லாத கடைவாசல் அவர் கண்முன்னால் தெரிந்தது.

சாயங்காலம் போட்டி தொடங்க இருந்தபோது அண்ணாச்சி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வாடிவிட்டது.

"என்ன அண்ணாச்சி?"

"உள்ள மூளைக்குத் துணியில்லலே. இவ்வளவு நல்லா ஓடுற சாமான். இப்படியே விட்டா அழுக்காயிராதா?"

"வேலாயுதம் எதையும் தொடக் கூடாதுன்னாரே," என்றான் சேர்மக்கனி.

"கிழிக்கத்தான சொன்னாரு?" என்றான் படித்தவன். "வெளிய ஒண்ணு போடக் கூடாதுன்னு சொல்லலையே. பெட்டியத் தொடாமலே மேலாப்புல மாட்டிருவோம்."

பாத்திரக்கடையில் கவருக்கா குறைச்சல்? அண்டா போட்டு வருகிற கெட்டிக் கவராக எடுத்து, கம்ப்யூட்டர் மேல் தலையோடு காலாக மாட்டி, வாயை மூச்சுக்கூடப் போகாதபடி இழுத்துக் கட்டினார்கள். உள்ளே கலர் விளக்குகள் மின்னியது பார்க்க அழகாகவே இருந்தது.

அவரவர் ஊரில் இருந்தபடியே நெட்டில் ஆட்டம் தொடங்கியது. வீரன் கோட்டைச் சுவர் ஏறினான். கொம்பையாவின் ஆட்களை ஒவ்வொருவராகச் சாய்த்தான். கொடிக்கம்பம் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் வந்துவிட்டது. "பிடிலே, பிடிலே!" என்று அண்ணாச்சி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். கவருக்குள் ஆவி கட்டியது. வீரன் கொடியை நோக்கி ஒரு காலைத் தூக்கினான்.

தூக்கியது தூக்கியபடியே நின்றான். கொம்பையாவின் ஆள் நிதானமாக வந்து, அவனைச் சுற்றிப் பார்த்து, சுட்டுவிட்டு, கொடியை எடுத்துக்கொண்டு போனான்.

அண்ணாச்சி இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஃப்ளெக்ஸ் வந்து சேர்ந்தது. அச்சகத்திலிருந்து சுருட்டி, பளபளக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு அனுப்பியிருந்தார்கள். அண்ணாச்சி சொன்ன சொல் தவறாதவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"பிரிக்கணுமா அண்ணாச்சி?" என்று கீழே இருந்து கேட்டான் சேர்மக்கனி.

"புதுச் சாமானாச்சேலே," என்றார் அண்ணாச்சி. துக்கத்திலும் அவருக்கு நிதானம் தவறவில்லை. சுருட்டியது சுருட்டியபடி, கவரோடு, வாசலுக்குக் குறுக்கே கட்டித் தொங்கவிட்டார்.

மறுநாள் கொம்பையா தன் படத்தைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் வந்தார். சீட்டில் கம்பெனி கவர் அப்படியே இருந்ததால் வேட்டி ஒட்டிக்கொண்டு, இறங்கக் கொஞ்சம் நேரமானது. அண்ணாந்து பார்த்தார். வாசலில் ஒரு நீளமான உருளை ஆடிக்கொண்டிருந்தது. சிரிப்பு மறைந்து, பல் உள்ளே போனது. சண்டை வரப்போகிறது என்று தெருவே கூடிவிட்டது.

கொம்பையா ஏணியைக் கேட்டு வாங்கினார். ஏறினார். தோள் துண்டை எடுத்து, உருளையின்மேல் படிந்திருந்த தூசியை மெதுவாகத் துடைத்தார். இறங்கிவந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா வச்சிருக்கீரு சகல. வருசம் முழுக்க இப்படியே இருக்கணும். எவனாவது கவரப் பிரிச்சான்னு தெரிஞ்சுது, அப்புறம் உமக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."