நொதி மேல் விழுந்த பழி

மலை உச்சியில் ஒரு பாறைச் சுனை. அந்தச் சுனையில் உருளி என்ற பாக்டீரியா வாழ்ந்துவந்தது. கண்ணுக்கே தெரியாத பொடிசுதான். ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

உருளியின் உடம்புக்குள் நீளமான நூல் ஒன்று சுருண்டு கிடந்தது. எப்படித் தின்பது, எப்படி நீந்துவது, எப்படி இரண்டாகப் பிளந்து பிள்ளை பெறுவது எல்லாம் அந்த நூலில்தான் இருந்தது. அதன் பக்கத்திலேயே நொதி குடியிருந்தது. நூலைப் பழுது பார்ப்பதுதான் நொதியின் வேலை.

உச்சி வெயிலில் கண்ணுக்குப் புலப்படாத கதிர் வந்து நூலைத் தாக்கும். அடிபட்ட இடத்தில் முடிச்சு விழுந்துவிடும். நொதி தடவித் தடவி அந்த முடிச்சைக் கண்டுபிடித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அவிழ்க்க அதற்குத் தெம்பு போதாது. அதே வெயிலில் வரும் நீல வெளிச்சம் பட்டால்தான் கைக்குப் பலம் வரும். பட்டதும் சட்டென்று அவிழ்த்துவிடும். உருளி ஒரு நாளும் அதற்கு நல்ல வார்த்தை சொன்னதில்லை. முடிச்சு விழுகிறதே என்று சுனை முழுக்கப் புலம்பியது மட்டும்தான் மிச்சம்.

அந்தப் புலம்பல் ஒரு கொசுப்புழுவின் காதில் விழுந்தது. அதற்கு வெகு நாளாக உருளியின் மேல் ஒரு கண். திறந்த தண்ணீரில் உருளி வாய்க்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கொசுப்புழு நெளிந்து வந்து, எட்ட நின்று பேச்சுக் கொடுத்தது.

“உருளி அக்கா, சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? முடிச்சு விழுந்த இடத்துல எல்லாம் யாரு உட்கார்ந்திருக்கா?”

“நொதிதான்!”

“வெயில் வந்தாத்தானே அவன் கை அசையுது?”

“ஆமா!”

“இன்னுமா அக்கா புரியல? அவன் சூரியனோட ஆளு!”

உருளிக்குச் சுருக்கென்றது. உள்ளே திரும்பிப் பார்த்தது. அன்று கடைசியாக விழுந்த முடிச்சின்மேல் நொதி உட்கார்ந்திருந்தது.

“அடப்பாவி! முடிச்சுப் போடறதும் நீ, அவிழ்க்கறதும் நீயா? எனக்குள்ளேயே இருந்துகிட்டு எனக்கே குழி பறிக்கிறியா?”

“ஐயோ அம்மா! முடிச்சு விழுந்த பிறகுதானே நான் வர்றேன்! அடிக்கிறதும் வெயில்தான், எனக்குத் தெம்பு தர்றதும் வெயில்தான். விடியட்டும், இதையும் அவிழ்த்துடறேன்!”

“கேட்டியா தம்பி, இவன் வாயாலேயே சொல்லிட்டான்!”

“நம்ம பாறை இடுக்குக்கு வந்துடு அக்கா! அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காது!” என்று குழைந்தது கொசுப்புழு.

உருளி இடுக்குக்குள் போய்ப் புகுந்துகொண்டது. விடிந்தது. சுனை முழுக்க வெளிச்சம். இடுக்குக்குள் மட்டும் கும்மிருட்டு. நொதி முடிச்சை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

“பார்த்தியா! சூரியன் இல்லைன்னதும் உன் பொழைப்பு நின்னுபோச்சு!” என்று உருளி சிரித்தது. நொதிக்கு மனசு கசந்தது. இத்தனை காலம் உழைத்ததற்கு இதுதான் கூலி.

உருளி பிள்ளை பெறும் வேளை வந்தது. பிள்ளைக்கும் ஒரு நூல் வேண்டும் அல்லவா? பழைய நூலைப் பார்த்துப் புது நூல் உருவாகிக்கொண்டே வந்து, முடிச்சு இருந்த இடத்தில் நின்றுவிட்டது. பிளக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் உருளி துடித்தது.

“அம்மா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்! ஒரே ஒரு தடவை வெளிச்சத்துக்குப் போ! பிள்ளை பிழைச்சுடும்!”

“மறுபடியும் உன் முதலாளிகிட்ட இழுத்துட்டுப் போகப் பார்க்கிறியா? செத்தாலும் வரமாட்டேன்!”

அப்படியே ஆயிற்று. நகரத் தெம்பில்லாமல் கிடந்த உருளியைக் கொசுப்புழு நிதானமாக வந்து விழுங்கியது. பிள்ளையும் பிறக்காமலே போயிற்று.

வயிறு நிறைந்த கொசுப்புழு மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு ஏறியது. அதன் மெல்லிய தோல் வழியே நீல வெளிச்சம் உள்ளே விழுந்தது. நொதியின் கைக்குப் பலம் வந்தது. பாவம், பழக்கம் விடவில்லை. பிடித்திருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது.

நூல் நேராகிவிட்டது. அதை வைத்துப் பிழைக்கத்தான் அங்கே யாரும் இல்லை.

காயம் பட்ட இடத்தில் எப்போதும் நிற்கிறானே என்று காப்பாற்ற வந்தவனையே குற்றவாளி ஆக்குபவர்கள், இனிக்கப் பேசும் எதிரியின் வாயில்தான் போய் விழுவார்கள்.