சங்குப்பூவுக்கு ஒரு தீவு

எரிமலைத் தீவுகளைச் சுற்றிக்காட்டும் சின்னக் கப்பல் அது. ஆவுடை அம்மை என்ற துறவியும் அவருடைய சீடர் பேச்சிமுத்துவும் அதில் போனார்கள். சீடருக்குக் குருவைவிட வயது அதிகம். அதனால் என்ன, துக்கத்துக்கு மூப்பு இளமை ஏது?

பேச்சிமுத்துவின் ஒரே மகள் உமையாள் போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அவள் கொல்லையில் வளர்த்த சங்குப்பூவின் விதைகளைத் துணியில் முடிந்து மனுஷர் இடுப்பில் செருகியிருந்தார். மலை நெருப்பைக் கக்கிப் புதிதாய்ப் பிறந்த மண்ணில் ஊன்றினால் மகளும் புதிதாய்ப் பிறப்பாள் என்று ஒரு எண்ணம். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

கரைக்குப் போகும் படகில் ஏறுமுன் எல்லோரும் பூட்ஸின் அடியைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வெளி விதை ஒன்றுகூடத் தீவில் விழக்கூடாதாம். பேச்சிமுத்துவும் பயபக்தியோடு தேய்த்தார். இடுப்பை யார் பார்க்கப் போகிறார்கள்?

தீவில் எங்கு பார்த்தாலும் கருகிய பாறை. நடுவில் கொஞ்சம் சாம்பல் மண். அந்த வெறுந்தரையிலேயே கடற்பறவைகள் முட்டையிட்டு அடைகாத்தன. மற்றவர்கள் படமெடுக்க முன்னால் போய்விட்டார்கள். பேச்சிமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் குழி பறித்தார்.

"என்ன ஐயா பண்றீங்க?"

"என் பிள்ளையை ஊன்றப் போறேன் தாயே."

ஆவுடை அம்மை பக்கத்தில் உட்கார்ந்தார். "முளைக்குமா?"

"சங்குப்பூவாச்சே. எங்கே போட்டாலும் பிடிச்சுக்கும். எங்க வீட்டு வேலியே தெரியாம மூடிட்டுது."

எதிரே ஒரு பறவை எழுந்து, முட்டையை அலகால் புரட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தது.

பேச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே கொடி படர்ந்தால் இது எங்கே போய் உட்காரும்? யாரும் கேட்காமலே அந்தக் கேள்வி அவருக்குள் வந்துவிட்டது. விதை போடாமலே குழியை மூடினார்.

"அப்போ இதை எங்கேதான் தாயே இறக்கி வைக்கிறது? காசிக்குப் போனேன், ஆகலை. ராமேஸ்வரத்துல முழுகினேன், ஆகலை. கடல் தாண்டியும் வந்துட்டேன். உலகத்துல ஒரு இடம்கூடவா இல்லை?"

"இல்லை ஐயா," என்றார் ஆவுடை அம்மை. "படகு காத்துக்கிட்டிருக்கு. எழுந்திருங்க."