கல்லை ஊறப்போட்ட மண்டையூரார்

கழுதைகூட ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் மண்டையூருக்குள் நுழையும். அந்த ஊர் மூக்காண்டியின் சினை எருமை ஒருநாள் காலையில் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. ரெண்டாள் ஆழம், இடுப்பளவு தண்ணீர். எருமை அண்ணாந்து பார்த்துக் கத்தியது. ஈனுவதற்குள் அதை மேலே ஏற்றியாக வேண்டும்.

வடக்கயிறு வைத்திருந்தவன் பங்காளி சங்கன் ஒருவன்தான். ஆனால் அவன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் மூக்காண்டி இலைக்கு மட்டும் அப்பளம் வரவில்லை. அன்றிலிருந்து மூக்காண்டி அந்த வீட்டு நிழலைக்கூட மிதிப்பதில்லை.

பெண்டாட்டி பேச்சி வெளியூர்க்காரி. தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டாலும் உங்க பங்காளி குடுத்துருவாராக்கும்! அவருகிட்ட கயிறு வாங்குறது கல்லுல நார் உரிக்கிற வேலை."

மூக்காண்டியின் முகம் மலர்ந்தது. "கல்லுலயே நார் இருக்கா? அப்புறம் அந்த அப்பளக் கஞ்சன் தயவு எதுக்கு?"

கூட்டாளிகள் சோணையும் கொட்டாப்புளியும் அரிவாளோடு வந்தார்கள். மூன்று பேரும் ஒரு கருங்கல்லைச் சுற்றி உட்கார்ந்து சுரண்டினார்கள். அரிவாள்தான் மொக்கையானது.

"இது பிஞ்சுக் கல்லுடா," என்றான் சோணை.

கொட்டாப்புளி கல்லில் காதை வைத்தான். "உள்ள தண்ணி சலம்புது மாமா!"

"அது எருமைடா."

மூக்காண்டி நெடுநேரம் யோசித்தான். "தேங்காய் மட்டையில நார் எப்படி வருது? ஊறப்போட்டாத்தானே? காஞ்ச கல்லுல எவன் உரிப்பான்!"

ஊரில் தண்ணீர் இருந்ததோ அந்தக் கிணற்றில்தான். "தாயி, தள்ளி நில்லு. எல்லாம் உனக்குத்தான்," என்று சொல்லிச் சொல்லிக் கல்லை உருட்டினார்கள். வரப்புக் கல், எல்லைக் கல், கடைசியில் பேச்சியின் அம்மியும் போயிற்று.

கல் குவியக் குவிய, எருமை அதன்மேல் ஏறி ஏறி நின்றது. சாயங்காலம் ஒரே தாவு. மூக்காண்டியை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தது.

"நில்லு, நில்லு! கயிறு இன்னும் தயாராகலை!" என்று மூக்காண்டி மறித்தான்.

"அதான் வந்துருச்சே, இனிக் கயிறு எதுக்கு?" என்றான் சோணை.

"கிணத்துக்குள்ள கிடக்குற கல்லை எடுக்க வேணாமா?"

"சரி, கயிறு?"

"நாருல திரிக்கணும்."

"நாரு?"

"கல்லுல இருக்கு."

மூவரும் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள்.

"மாமா," என்றான் கொட்டாப்புளி, "நம்மள்ல கயிறு இல்லாம ஏறத் தெரிஞ்சது யாரு?"

மூக்காண்டி எருமையின் பக்கம் திரும்பினான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாகக் கைகூப்பினான்.

"தாயி, கோவிச்சுக்காத. ஒரே ஒரு நடை உள்ள போயி, அந்தக் கல்லையெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துரு."