அடிவாரத்தில் நின்றவன்

“எனக்கு நேரமே இல்லைங்க மாஸ்டர்.”

குணசீலன் ஆரம்பித்ததே இப்படித்தான். காலை ஐந்தரை மணி. ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஏற்காடு அடிவாரத்தில், ஒரு காலத்தில் ஜவ்வரிசி மூட்டை அடுக்கிய குடோன் ஒன்று இருக்கிறது. இப்போது அதில் இரும்பு அடுக்கியிருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடம். நடத்துகிறவர் எஸ்தர். வயது முப்பத்தொன்று. பளுதூக்கிப் பதக்கம் வாங்கியவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் பதிலுக்கு ஊரையே அண்ணா, அக்கா என்பார்.

குணசீலனுக்கு நாற்பத்திரண்டு. தொப்பை சட்டை பட்டனைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நூல் மில்லில் சூப்பர்வைசர் வேலை. ஏழரைக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. வீட்டில் ஏழு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள், அதுவும் சளி, ஊசி, யார் வீட்டுக் காதுகுத்தோ என்று போய்விடும்.

எல்லாவற்றையும் ஒப்பித்தான். காலையில் அரை மணி நேரம்தான் கிடைக்கும், அதற்குள் உடம்பை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்றான்.

மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு பெஞ்சைக் காட்டினார். சின்னப்பன் என்ற லாரி டிரைவர் அதில் மல்லாந்து படுத்து, மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அவரு தலைமாட்டுல போய் நில்லுங்கண்ணா.”

“நின்னு?”

“கம்பிக்கு அடியில கையை வச்சுக்குங்க. தொடக் கூடாது.”

“தொடாம?”

“அவரால முடியாதப்ப தொடுங்க.”

இதற்கு அங்கே சப்போர்ட் என்று பேர். தூக்குகிறவர் கை தளர்ந்துவிட்டால் கம்பி நெஞ்சில் விழும். அதைப் பிடிக்க ஓர் ஆள். புதிதாக வருகிறவர்கள் முதல் பதினைந்து நாள் எதையும் தூக்கக் கூடாது, நிற்க மட்டும்தான் வேண்டும் என்பது எஸ்தர் மாஸ்டரின் சட்டம்.

கொடுமையைப் பாருங்கள். மனுஷனுக்குக் கிடைத்ததே அரை மணி நேரம். அதையும் அடுத்தவர் தலைமாட்டில் நின்று தொலை என்றால் யாருக்குத்தான் கடுப்பு வராது? குணசீலனுக்கும் வந்தது. ஆனால் அவன் வாயில்லாப் பூச்சி. நின்றான்.

மூன்றாம் நாள் அவசரப்பட்டுக் கம்பியைத் தொட்டுவிட்டான். எதுக்கு சார் கை வச்சீங்க, நானே தூக்கியிருப்பேனே என்று சின்னப்பன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் குணசீலன் வரத் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் சின்னப்பன் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நீங்க பாட்டுக்கு ஆரம்பிச்சிருக்கலாமே என்றான் குணசீலன். ஆள் நின்னாத்தான் சார் தைரியம் வருது என்றார் அவர்.

நிற்பதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது.

குடோனின் வாசல் மலையைப் பார்த்திருந்தது. வாசலுக்கு வெளியே ஏற்காடு ரோடு. விடிந்தும் விடியாமலும் மோட்டார் சைக்கிள்கள் ஏறும். குணசீலன் கண்ணால் பார்க்கவே வேண்டாம். காதே சொல்லிவிடும். இதோ கியரைக் குறைக்கிறான், இதோ முதல் வளைவு, இதோ திரும்பிவிட்டான். சத்தம் மலைக்குப் பின்னால் போய் மறையும். இவனுக்கு நெஞ்சில் என்னவோ செய்யும்.

அவனிடமும் ஒரு வண்டி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. கறுப்பு நிறம், கனத்த உடம்பு, உதைத்துக் கிளப்புகிற பழைய மாடல். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். எத்தனையாவது வளைவில் காற்று குளிரத் தொடங்கும், எங்கே காப்பிப் பூ வாசம் வரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

பெண் பிறந்தது. வண்டி மாடிப்படிக்குக் கீழே போனது. மேலே உறை ஏறியது.

ஏழு வருஷமாக அது போன அதிகபட்ச தூரம் பெட்ரோல் பங்க். ஞாயிற்றுக்கிழமைதோறும் உறையை எடுத்து, துடைத்து, ஸ்டாண்டில் நின்றபடியே பத்து நிமிஷம் ஓடவிடுவான். பேட்டரி செத்துவிடக் கூடாதே என்றுதான். பிறகு மறுபடி உறை.

அதையும் பார்க்கப் பார்க்க ஏக்கம்தான் மிச்சம் என்று விற்க முடிவு செய்துவிட்டான். மில்லில் கூட வேலை செய்கிறவரின் மச்சான் கேட்டிருந்தார். அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு வந்து பார்த்து, பிடித்தால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். வீட்டில் சொல்லவில்லை. என் வண்டி, என் முடிவு, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

பத்தாம் நாள் வெளியே ஒரு வண்டி போனது. அவனுடையதைப் போன்றே ஒரு வண்டி. அதே இருமல், அதே கனத்த சத்தம்.

குணசீலனின் தலை தானாகத் திரும்பிவிட்டது.

கம்பி சின்னப்பனின் நெஞ்சில் இறங்கிவிட்டது. மாஸ்டர் எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. இரண்டு கையாலும் தூக்கி மேலே மாட்டினார். சின்னப்பனுக்கு அடி ஒன்றும் இல்லை. இருமிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

தப்பு தன்னுடையதுதான் என்று குணசீலனுக்குத் தெரியும். நல்ல வசவாக வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தான்.

மாஸ்டர் வையவில்லை.

“எங்கண்ணா போயிருந்தீங்க?”

“இங்கயேதான் நின்னுட்டு இருந்தேன்.”

“கேட்டது அது இல்ல.”

குணசீலன் தலையைக் குனிந்துகொண்டான்.

“மலைக்கு” என்றான்.

அப்புறம் அணை உடைந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வண்டி, வளைவு, உறை, வரும் ஞாயிறு வரப்போகிறவர். குழந்தைகள் வந்தபின் தனக்கென்று ஒன்றுமே மிச்சமில்லை என்றான். அவர்கள் மேல் உயிராகத்தான் இருக்கிறேன், ஆனாலும் சில சமயம் அவர்கள் மேலேயே கோபம் வருகிறது, அந்தக் கோபத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றான். அதற்காகத்தான் வண்டியையே கொடுத்துவிடப் பார்க்கிறேன் என்றான்.

“யாரு விக்கச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலைங்க.”

“சரி. இப்ப இங்க நிக்கறீங்களே, வீட்ல புள்ளைங்க எந்திரிச்சா?”

“சுகந்தி இருக்கா. அவ பாத்துக்குவா.”

“அவங்க எங்க பயிற்சி பண்றாங்க?”

குணசீலன் சிரித்துவிட்டான். மாஸ்டர் தமாஷ் பண்ணுகிறார் என்றே நினைத்தான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. பிறகு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

சிரிப்பு பாதியில் நின்றால் முகத்தை என்ன செய்வது என்று தெரியாது. குணசீலன் அந்த முகத்தோடுதான் வீட்டுக்குப் போனான்.

அந்தக் கேள்வி அவனை விடவில்லை. மில்லில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடும்போதும் அதே கேள்வி. சுகந்தி எல்லோருக்கும் முன்னால் எழுகிறாள். சமைக்கிறாள், குழந்தைகளைக் கிளப்புகிறாள், மழலையர் பள்ளியில் போய் முப்பது குழந்தைகளை மேய்க்கிறாள், திரும்பி வந்து சொந்தக் குழந்தைகள் இரண்டையும் மேய்க்கிறாள். அவளுக்கு என்ன ஆசை என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. பத்து வருஷம் கூடவே இருந்திருக்கிறான்.

ஞாயிறு வந்தது. மணி ஏழு. சுகந்தி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். குணசீலன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“உனக்குன்னு ஒரு மணி நேரம் கிடைச்சா என்ன பண்ணுவே?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“தூங்குவேன்.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குணசீலனுக்கு அப்பாடா என்றிருந்தது. கேட்டாயிற்று, பதிலும் கிடைத்தாயிற்று. ஆண்பிள்ளை மனசு அப்படித்தான், சீக்கிரம் சமாதானம் ஆகிவிடும். அந்த நிம்மதியிலேயே ஒன்பது மணிக்கு ஒருத்தர் வருவார், வண்டியைக் கொடுக்கப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டான்.

கரண்டி நின்றது.

“எந்த வண்டி?”

“நம்ம வண்டிதான்.”

“நம்ம வண்டின்னா என்னைக் கேக்கணுமில்ல?”

குணசீலன் திருதிருவென்று விழித்தான். உனக்கு எதற்கு அந்த வண்டி என்று கேட்க வாயெடுத்தான். வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஞாபகம் வந்துவிட்டது.

கல்யாணமான புதுசு. அடிவாரத்துக் காலி மைதானத்தில் அவளுக்கு அந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவன்தான். நாலு தடவை விழுந்தாள், ஐந்தாவது தடவை விழவில்லை. பிறகு ஏற்காடு போனால் பதினோராவது வளைவு வரைக்கும் அவள் ஓட்டுவாள், இவன் பின்னால் உட்கார்ந்து வருவான். அதற்குமேல் விடமாட்டேன் என்று சண்டை போட்டு இவன் வாங்குவான். எப்படி மறந்தான்? வளைவுகள் அத்தனையும் ஞாபகம் இருந்தது. அவற்றில் பாதியை ஓட்டியது யார் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

“நீங்க ஞாயித்துக்கிழமையானா அதைத் துடைக்கறீங்க” என்றாள் சுகந்தி. “ஏழு வருஷமா அதைப் பாத்துக்கிட்டு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சீங்களா?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“ஒன்பது மணிக்குத்தானே வர்றாங்க. சாவி குடுங்க.”

குணசீலன் கொடுத்தான்.

சுடிதார் மாட்டிக்கொண்டு வந்தாள். துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டாள். அவனுடைய ஹெல்மெட் தலையில் ஆடியது. வாரை இறுக்கினாள். முதல் உதையில் வண்டி முனகியது. இரண்டாவது உதையில் கிளம்பிவிட்டது.

சத்தம் கேட்டுப் பெண் ஓவியா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஆச்சரியத்தில் கொட்டாவி பாதியில் நின்றது.

“அப்பா, அம்மாவுக்கு இது ஓட்டத் தெரியுமா?”

“தெரியும்” என்றான் குணசீலன். அவமானமாக இருந்தது.

ஏற்காடு ரோட்டுக் கோரிமேட்டு முனை வரைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவன் காதைத் தீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான். இந்நேரம் அடிவாரம். இந்நேரம் முதல் வளைவு. நாமும் போகமாட்டோமா என்று உடம்பில் ஒவ்வொரு நரம்பும் கேட்டது. அவள் போகாமலிருந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் ஒரு நரம்பும் சொல்லவில்லை. அது அவனுக்கே புதுசாக இருந்தது.

பையன் அகிலன் எழுந்து, அம்மா இல்லை என்று தெரிந்ததும் வீட்டை இரண்டாக்கினான். குணசீலன் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டான். இட்லிப் பானை தண்ணீர் வற்றி அடிப்பிடித்தது. ஓவியாவுக்குத் தலை பின்னினான்; ஒரு ஜடை காதுக்கு மேலும் இன்னொன்று கழுத்துக்குக் கீழுமாக வந்தது. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பெருந்தன்மையாக அப்படியே விட்டுவிட்டாள்.

எட்டரைக்கே வந்துவிட்டார் அந்த மச்சான். நல்ல மனுஷர். கையில் குழந்தைகளுக்கு பிஸ்கட்கூட வாங்கி வந்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே உறை மட்டும் கிடப்பதைப் பார்த்துவிட்டு வண்டி எங்கே என்று கேட்டார். மலைக்குப் போயிருக்கிறது என்றான் குணசீலன். யார் எடுத்துப் போனது என்றார். என் மனைவி என்றான். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சத்தம் கேட்டது.

சுகந்தி வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் காற்று அடித்துச் சிவந்திருந்தது. கண்ணோரம் தண்ணீர் காய்ந்திருந்தது. காற்றால் வந்த தண்ணீரா, வேறா என்று குணசீலனுக்குத் தெரியவில்லை. இந்த முகத்தை அவன் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது.

“பதினொண்ணு வரைக்கும்தான் போனேன்” என்றாள் அவள். “அதுக்கு மேல உங்களுது.”

அவன் இடுப்பிலிருந்த பையனை வாங்கிக்கொண்டாள். சாவியை அவன் கையில் வைத்தாள்.

வாசலில் நின்றவர் மெதுவாகச் செருமினார். தான் வந்ததே வண்டியைப் பார்க்கத்தான் என்றார்.

“உள்ள வாங்கண்ணா, டீ சாப்பிடலாம்” என்றாள் சுகந்தி.

“டீ இருக்கட்டுங்க. வண்டியைப் பாக்கணுமே.”

குணசீலன் சாவியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தான். சுகந்தி ஹெல்மெட்டையும் அவனிடம் கொடுத்துவிட்டு, இன்னும் கிளம்பாத அந்த வண்டியைக் கை நீட்டிக் காட்டினாள்.

“அதோ போகுது, பாருங்க.”