கேட்சருக்குப் பின்னால் தனுஷ்கோடி

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சாம்பார் ஊற்றிக்கொள்ளட்டும் என்கிற தோரணையில்தான் தனுஷ்கோடி மாஸ்டர் எப்போதும் ஆரம்பிப்பார். அன்றைக்கு மட்டும் ஒருத்தர் நம்பியே ஆகவேண்டியிருந்தது. எதிரே உட்கார்ந்து ரசம் உறிஞ்சிக்கொண்டிருந்த தலைமை நடுவர் குலசேகரன்தான் அந்த ஒருத்தர்.

மறுநாள் மாநில பேஸ்பால் இறுதி ஆட்டம். அடிக்கிறவர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், பந்து பிடிக்கிற கேட்சரின் முதுகை ஒட்டிக் குனிந்து நின்று, வருகிற ஒவ்வொரு பந்தும் சரியா தப்பா என்று சொல்லப்போவது யார்? நடுவர்கள் இருவரில் மாஸ்டரா, பக்கத்தில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தாவா? கை கழுவியதும் பெயர் எழுதிவிடுவதாகக் குலசேகரன் சொல்லியிருந்தார்.

ரசம் முடிந்தால் மோர்தான். மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

“நிக்கிறதுலதான் சார் எல்லாம் இருக்கு. ஒரு கால் முன்னால, ஒரு கால் பின்னால, தாடை கேட்சரோட தலைக்கு நேர் மேல. அப்படி நின்னேன்னா நான் மனுஷன் இல்ல, தூண். தேனியில ஒரு மேட்ச். மூணாவது இன்னிங்ஸ்ல ஒரு சிட்டுக்குருவி என் முகக்கவசக் கம்பியில நார் கொண்டாந்து சொருகிச்சு. ஒன்பதாவது இன்னிங்ஸ்ல முட்டை!”

“எத்தனை முட்டைண்ணே?” என்றாள் ஜெசிந்தா.

“நான் எப்படிம்மா எண்ணுவேன்? கண்ணு பந்து மேலல்ல இருக்கு! மூணுன்னு கேட்சர் பய சொன்னான்.”

குலசேகரன் சிரிக்கவில்லை. சிரிக்காததை மாஸ்டர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

“நிக்கிறது சரி. பார்வை எப்படி மாஸ்டர்?” என்று கிண்டினார் ஸ்கோர் எழுதுகிற சுடலைமுத்து.

“அதுக்குத்தான் வரேன். பந்துல இருநூத்திப் பதினாறு தையல். பந்து வரும்போதே எண்ணிருவேன். ஒருநாள் ஒண்ணு குறையுது. கையத் தூக்கி ஆட்டத்தையே நிறுத்திட்டேன். வாங்கிப் பாத்தா, ஒரு நூல் பிரிஞ்சு கெடக்கு!”

“இந்தப் பக்கத் தையல் தெரியும். அந்தப் பக்கத்துத் தையல்?” ஜெசிந்தா விடவில்லை.

“பந்து சுத்திக்கிட்டேதானம்மா வருது!”

பதில் அவருக்கே நியாயமாகப் பட்டது. தைரியம் கூடிவிட்டது.

“கோவில்பட்டியில ஒரு பந்து. அதுமேல ஒரு கொசு உக்காந்து வருது. பந்து கோட்டுக்கு வெளிய. கொசுவோட வலது பின்னங்கால் கோட்டுக்கு உள்ள. சரியான பந்து, ஸ்ட்ரைக்னு கொடுத்துட்டேன்.”

“கொசு காலெல்லாம் கணக்குல சேருமா மாஸ்டர்?”

“உக்காந்திருக்கிற வரைக்கும் அதுவும் பந்துதான் சுடலை. அடிக்க நின்னவனே ஒத்துக்கிட்டான், உனக்கென்ன?”

மோர் வந்தது. குலசேகரனின் விரல்கள் இலையின் ஓரத்தைத் தொட்டன. மூடப்போகிறார். மாஸ்டர் இருப்பதிலேயே பெரிய கதையை எடுத்தார்.

“சார், ஒண்ணே ஒண்ணு. சிவகாசி மேட்ச். பந்து போடுறவன் கை ஓங்கும்போதே, அறுபதடி தள்ளி, அவன் ஆயுள்ரேகை தெரியுது எனக்கு. அடுத்த பந்தை ஒருத்தன் விளாசுனான். மதிலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுல ஒரு பஸ் கூரையில விழுந்துச்சு. குனிஞ்ச இடத்துலருந்தே பஸ் நம்பர் சொன்னேன். கண்டக்டர் காதுல சொருகியிருந்த பேனாவுக்கு மூடி இல்ல, அதையும் சொன்னேன்!”

குலசேகரன் இலையை மூடினார். கை கழுவிவிட்டு வந்து தாளைப் பிரித்தார்.

“மாஸ்டர், இப்பேர்ப்பட்ட கண்ணைக் கொண்டுபோய் பிளேட்டுக்குப் பின்னால ரெண்டடியில வச்சு வீணாக்கினா பாவம். கிட்டத்துல பாக்க ஜெசிந்தா போதும். நீங்க இடது கோட்டுக் கடைசியில, மதிலோரம், தண்ணி டேங்க்குக்கிட்ட நில்லுங்க. முந்நூறு அடி. உங்களுக்கு அதெல்லாம் ஒரு தூரமா?”

“சார்!” மாஸ்டர் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். “அங்கருந்து எனக்கு என்ன சார் தெரியும்? இந்தா, இந்தச் சுவத்துக் காலண்டர்ல தேதியே மங்கலாத்தான் தெரியுது. சத்தியமா சார்!”

இலையில் உட்கார்ந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் நிஜம் அது.

ஜெசிந்தா மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்தாள்.

“சும்மா அளக்காதீங்கண்ணே.”