சுவருக்கு அந்தப் பக்கம்

குழந்தைவேலுவுக்கு வயது அறுபத்து மூன்று. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மெய்யம்மைக்கு நாற்பதுதான். மலையூரின் கோடியில் சிறிய மடம் ஒன்றில் இருந்தார் அந்த அம்மா.

ஒருநாள் குழந்தைவேலு அங்கே வந்து உட்கார்ந்தார்.

"மனசு ஆறலைம்மா."

"ஏன்?"

"என் வீட்டுக்காரி சாகறதுக்கு முன்னால ஒரு தாட்பூட் பழக்கொடி வச்சா. நாலு வருஷமா காலையிலும் சாயங்காலமும் குடம் குடமாத் தண்ணி ஊத்துறேன். அது சுவரைத் தாண்டித் தம்பி பக்கம் போயிடுச்சு. இந்தப் பக்கம் வெறும் தண்டு. பழமெல்லாம் அவனுக்கு."

தம்பி சடையப்பனோடு ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. எல்லைத் தகராறில் எழுந்த சுவர் அது.

"வாங்க, பார்ப்போம்" என்று எழுந்தார் மெய்யம்மை.

தோட்டத்தில் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த அரிவாளை எடுத்தார். அடியோடு ஒரே வெட்டு.

குழந்தைவேலு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மெய்யம்மை அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்.

அன்று முதல் குழந்தைவேலு மடத்துப் பக்கம் போகவில்லை. கொடி வாடுவதைப் பார்க்கத் தைரியமின்றி இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். மூன்றாம் நாள் பார்த்தார். வாடவில்லை. பத்தாம் நாள் சுவர்மேல் புதிதாகப் பூத்திருந்தது.

ஏணியைச் சாத்தி ஏறி, எட்டிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் கொடி வளைந்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் பாத்தி. சடையப்பன் களை பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

தம்பி நிமிர்ந்தான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

"பதியம் போட்டேன். இங்கேயே வேர் விட்டுடுச்சு. மூணு வருஷம் ஆச்சு."

"எதுக்கு?"

"இலை பழுத்துக்கிட்டே வந்துச்சு. நீ ஊத்துற தண்ணியில உன் பக்கம் வேர் அழுகிப்போச்சுண்ணே." கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "அண்ணி வச்சதாச்சே. விட மனசு வரல."

குழந்தைவேலு ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிறகு இறங்கினார், அந்தப் பக்கமாக.

சாயங்காலம் மடத்துக்குப் போனபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

"செத்த தண்டுன்னு தெரிஞ்சுதான் வெட்டினீங்களா?"

"ஆமா."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

குழந்தைவேலு விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"இன்னும் ரெண்டு குடம் சேர்த்து ஊத்தியிருப்பேன்."