மூணாவது சேருக்கு ஒரு டீ

"பாப்பா, உங்க ரவுட்டர் என் கூட்டாளிகளை உள்ளயே விட மாட்டேங்குது" என்றார் மருதப்பன்.

திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். வயது நாற்பத்திரண்டு. மதியம் இரண்டு மணி வெயிலில் இன்டர்நெட் ஆபீசுக்கு மூச்சிரைக்க வந்திருந்தார்.

மேஜைக்குப் பின்னால் ஜெனோவா. வயது இருபத்தைந்து. ஊரில் பாதி வீட்டு ரவுட்டர்கள் அவள் பேச்சைக் கேட்கும். அவள் அதிகம் பேசமாட்டாள்.

"என்ன பண்றீங்கண்ணே வீட்ல?"

"ஆன்லைன் ஃபுட்பால். நாலு பேரு, ஒண்ணாப் படிச்சவங்க. இன்னிக்கு நாலு மணிக்கு ஃபைனல்."

ஃபைனல் நடப்பது மருதப்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில். மற்றவர்கள் எல்லாரும் இணையம் வழியாக அதற்குள் வந்து ஆடவேண்டும். வர முடியாவிட்டால் ஆடாமலே தோல்வி. பதினேழு வெள்ளிக்கிழமை ஆடி எட்டிப் பிடித்த ஃபைனல். குவைத்தில் இருக்கும் சிக்கந்தருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. நாலு பேரும் இப்போதெல்லாம் சேர்ந்து சிரிப்பது அந்த ஒரு நாள்தான்.

"ஃபயர்வால் மறிக்குது போல" என்றாள்.

"அதைத்தான் மொத்தமா ஆஃப் பண்ணிட்டேனே. அப்பவும் வர முடியலங்கிறாங்க."

ஜெனோவா நிமிர்ந்தாள்.

"கடையை யாருண்ணே பார்த்துக்கிறா?"

"யாருமில்ல. பூட்டிட்டு வந்தேன்."

"ஏன் பூட்டினீங்க?"

மருதப்பன் கையிலிருந்த கடைச் சாவியைப் பார்த்தார். பூட்டு விற்று வயிறு வளர்க்கிற மனுஷனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

ஃபயர்வாலை அணைத்து வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்தது உறைத்ததும், வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

•

இரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"தங்கச்சி, ஃபயர்வாலைப் போட்டுட்டேன். ஆட்டத்துக்கு மட்டும் ஒரு வழி திறந்துவிட்டேன். அந்த வழியா வர்றவங்களை என் கம்ப்யூட்டருக்கு அனுப்புன்னும் எழுதிட்டேன்."

"கம்ப்யூட்டருக்கு ரவுட்டர் குடுத்த நம்பர் என்ன?"

"மூணு. பார்த்துத்தான் எழுதினேன். எல்லாம் சரியா இருக்கு. ஒருத்தனும் வரலை."

"எழுதினப்புறம் என்ன பண்ணீங்க?"

"சேவ் பண்ணேன். அப்புறம் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்." இதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு பெருமை.

"எதுக்கு?"

"எதுக்கா? எதைச் சரி பண்ணாலும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்ல."

மோட்டார், மிக்சி, டீவி எல்லாவற்றுக்கும் அவர் வீட்டில் அதுதான் கைவைத்தியம்.

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அந்த மூணாவது சேர்ல உட்காருங்க. டீ சொல்றேன்."

"டீ குடிக்கிற நேரமா இது? மணி மூணாகப் போகுது."

"உட்காருங்கண்ணே."

உட்கார்ந்தார். சுவரோரம் ஆறு சேர். ஒருவர் பாதியில் எழுந்து போனதால் காலியாக இருந்தது மூணாவது மட்டும்; மற்றதிலெல்லாம் ஆள். ஜெனோவா போனை எடுத்து எதிர்க் கடைக்குச் சொன்னாள்.

"முருகையாண்ணே, ஒரு டீ. மூணாவது சேருக்கு."

பிறகு முதல் சேரில் இருந்தவரை மேஜைக்குக் கூப்பிட்டாள். அவர் எழுந்ததும் எல்லாரும் ஒரு சேர் நகர்ந்தார்கள். மருதப்பனும் நகர்ந்தார். யாரும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனாலும் சலூனுக்குப் போனாலும் இந்த ஊரில் அப்படித்தான்.

டீ வந்தது. முருகையா வரிசையை எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. செட்டாப் பாக்ஸை மடியில் வைத்திருந்த பெண்ணிடம் டம்ளரை நீட்டினார். அந்த அம்மா யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் குடிக்க ஆரம்பித்தாள்.

மருதப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அது எனக்குச் சொன்ன டீ."

"மூணாவது சேருக்குச் சொன்ன டீ" என்றாள் ஜெனோவா.

"நான்தானே மூணாவது சேர்ல இருந்தேன்."

"இருந்தீங்க."

ஃபேன் சுற்றியது. மருதப்பன் தான் உட்கார்ந்திருந்த சேரைக் குனிந்து பார்த்தார். பக்கத்துச் சேரைப் பார்த்தார். வாசலில் நின்ற முருகையாவைப் பார்த்தார்.

மெல்ல எழுந்தார்.

"மேடம்... ரவுட்டரை ஆஃப் பண்ணா, வீட்ல எல்லாம் எழுந்திரிச்சு மாறி உட்காருமா?"

"யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு முதல் சேர்."

"அப்ப என் கூட்டாளிங்க இவ்வளவு நேரம் யாரைத் தேடிப் போனாங்க?"

"மூணாவதா எது வந்துச்சோ அதை."

மருதப்பன் யோசித்தார். முகம் மாறியது.

"டீவி."

குவைத்திலிருந்து கிளம்பி, ஃபயர்வாலைத் தாண்டி, வழியெல்லாம் சரியாகப் பிடித்து வந்த சிக்கந்தர், சீரியல் ஓடிக்கொண்டிருந்த டீவியிடம் போய் நின்றிருக்கிறான். டீவிக்கு என்ன தெரியும், பாவம்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

ஜெனோவா மேஜையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். டீயைக் குடித்து முடித்த அம்மாவை எழுந்திருக்கச் சொன்னாள். மூணாவது சேரின் முதுகில் பெரிதாக எழுதினாள்: மருதப்பன்.

அவர் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நொடி வெளியே வண்டி உறுமியது.

•

மூன்று நாற்பது. மருதப்பன் ரவுட்டருக்குள் போனார். எந்த நம்பர் யாருக்கு என்று எழுதிவைக்கும் பக்கம் முன்பும் கண்ணில் பட்டிருக்கிறது, தாண்டிப் போயிருக்கிறார். மூணாம் நம்பரைக் கம்ப்யூட்டருக்கே என்று எழுதினார். சேவ் பண்ணினார்.

கை தன்னால் சுவிட்சுக்குப் போனது.

எழுதினது நிற்கிறதா பார்த்துவிடலாம் என்று அணைத்தார். போட்டார்.

பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கம்ப்யூட்டரை வேண்டுமென்றே கடைசியாகப் போட்டார். அதற்குள் டீவி வந்துவிட்டது. மனைவியின் போன் வந்துவிட்டது. மகளின் டேப்லெட்டும் வந்துவிட்டது.

கம்ப்யூட்டரின் நம்பரைப் பார்த்தார். மூணு.

"ஏய்!" என்று கத்தியதில் அடுப்படியிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

நாலுக்கு மூன்று நிமிடம். ஹெட்போனில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு, ஜும்மா தொழுகை முடிந்து வந்த மூச்சோடு, சிக்கந்தரின் குரல்.

"மருது, இருக்கியாடா?"

மருதப்பன் மைக்கை வாயருகே இழுத்தார்.

"வாடா. இங்கயேதான் இருக்கேன்."